அமெரிக்க ராணுவ கேம்ப் வேலையில் அடிபட்டவருக்கு என்ன கிடைக்கும், எதனால் கிடைக்காமல் போகிறது

குவைத்தில் அரிஃப்ஜான் கேம்ப், கத்தாரில் அல் உதெய்து விமானத்தளம், கிழக்கு ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியில் லெமொனியே கேம்ப். சமையல்கூடம், லாண்டரி, ஜெனரேட்டர், ஏசி, கிடங்கு என்று இப்படிப்பட்ட தளங்களை ஓட்டுகிறவர்களில் பலர் ராணுவத்தினரும் இல்லை, அமெரிக்கர்களும் இல்லை. ஓர் அமெரிக்க நிறுவனம் ஒப்பந்தம் எடுக்கும். அதில் ஒரு பகுதியை வளைகுடாக் கம்பெனி சப்-கான்ட்ராக்டாக வாங்கும். அந்தக் கம்பெனிக்கு ஊர் ஏஜென்ட் ஆள் பிடித்துக் கொடுப்பார். இந்தச் சங்கிலியின் கடைசியில் நிற்பவருக்கு அடிபட்டால், "உனக்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

சம்பந்தம் இருக்கிறது. 1941 ஆகஸ்டில் வந்த டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட், சுருக்கமாக டிபிஏ, துறைமுகத் தொழிலாளர்களுக்கான 1927-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தை அமெரிக்காவுக்கு வெளியே உள்ள தளங்களுக்கும் அரசு ஒப்பந்த வேலைகளுக்கும் நீட்டியது. பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று அது பார்ப்பதில்லை. வேலை எந்த ஒப்பந்தத்தின் கீழ் நடந்தது என்றே பார்க்கிறது. சப்-கான்ட்ராக்டர் இன்சூரன்ஸ் எடுக்காமல் விட்டிருந்தால் பொறுப்பு பிரதான ஒப்பந்தக்காரர் தலையில் விழும். யார் தவறு என்ற விசாரணையும் கிடையாது. கவனக்குறைவாக ஏணியில் ஏறி விழுந்தவருக்கும் உரிமை உண்டு. குடிபோதை ஒன்றே காரணமாக வந்த காயமும், தன்னையோ பிறரையோ வேண்டுமென்றே தாக்கப்போய் வந்த காயமும்தான் விலக்கு.

சில நாடுகளில், உள்ளூர் ஆட்களுக்கும் மூன்றாம் நாட்டவருக்கும் அந்த நாட்டு இழப்பீட்டுச் சட்டமே போதும் என்று அமெரிக்கத் தொழிலாளர் துறை விலக்கு தந்திருக்கலாம். அந்த உள்ளூர் இழப்பீடு உண்மையில் கிடைக்கவில்லை என்றால் விலக்கும் நிற்காது. ஆகவே "உங்களுக்கு டிபிஏ பொருந்தாது" என்று யாராவது சொன்னால், எந்த விலக்கு, எந்த நாட்டுச் சட்டம், எந்த பாலிசி என்று எழுத்தில் கேளுங்கள்.

வேலை நேரத்துக்கு வெளியே நடந்ததும் இதில் வரும். 1951-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஓலியரி வழக்கு குவாம் தீவில் நடந்தது. ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர், கம்பெனியின் ஓய்வு மையத்துக்கு அருகே கடலில் சிக்கி உதவி கேட்டவர்களைக் காப்பாற்றக் குதித்து மூழ்கினார். நீந்தக் கூடாது என்று பலகை வைத்த இடம் அது. ஆனாலும், அந்த வேலைதான் அவரை அப்படி ஓர் ஆபத்துச் சூழலில் கொண்டுபோய் வைத்தது என்று நீதிமன்றம் ஏற்றது. கேம்ப் ஜிம்மில் விழுந்ததும் தூங்கும்போது ராக்கெட் விழுந்ததும் இந்த அடிப்படையில்தான் வாதிடப்படுகின்றன. 2004 ஆகஸ்டில் ஈராக்கின் அல் அசாத் தளத்துக்குப் போகும் வழியில் கடத்திக் கொல்லப்பட்ட 12 நேபாளிகள் தளத்துக்குள் கால் வைக்கவே இல்லை. அவர்களுடைய குடும்பங்களுக்கும் இந்தச் சட்டப்படிதான் இழப்பீடு வழங்கப்பட்டது.

"போர்ச் சேதத்துக்கு பாலிசி கிடையாது" என்பதும் பொய்தான். போர் அபாயத்தால் வந்த செலவை 1942-ஆம் ஆண்டின் இன்னொரு சட்டத்தின் கீழ் இன்சூரன்ஸ் கம்பெனி அமெரிக்க அரசிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள முடியும். அது அவர்களுக்குள் தீர்க்க வேண்டிய கணக்கு, தொழிலாளியின் தலைவலி இல்லை.

சட்டம் இவ்வளவு தாராளமாக இருந்தும் பணம் ஏன் வருவதில்லை? பெரும்பாலான கோப்புகள் கெடுவது கேம்பில் இல்லை, ஊர் திரும்பிய பிறகுதான். அடிபட்டவரை இரண்டு வாரத்தில் விமானம் ஏற்றிவிடுவார்கள். "குணமானதும் கூப்பிடுகிறோம்" என்பார்கள். அந்த அழைப்புக்குக் காத்திருக்கும்போதே கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

காயம் பற்றிய எழுத்து அறிவிப்பு 30 நாட்களுக்குள் முதலாளிக்குப் போக வேண்டும், படிவம் எல்எஸ்-201. இழப்பீட்டுக் கோரிக்கையை எல்எஸ்-203 படிவத்தில் ஓராண்டுக்குள் தொழிலாளர் துறைக்கு அனுப்ப வேண்டும். கம்பெனி ஏற்கெனவே இழப்பீடு கொடுத்து நிறுத்தியிருந்தால் அந்த ஓராண்டு கடைசித் தவணையிலிருந்து எண்ணப்படும். மெதுவாக வெளிப்படும் தொழில்நோய்களுக்கு, வேலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு தெரிந்ததிலிருந்து 2 ஆண்டு. இறந்தவரின் குடும்பம் நிரப்புவது எல்எஸ்-262. குண்டுவெடிப்புக்குப் பிறகு தூக்கம் போய், சத்தம் கேட்டால் நடுங்குகிறவருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். மனக்காயமும் காயம்தான். ஆனால் மனநல மருத்துவரின் சீட்டு இல்லாமல் அது கோப்பில் ஏறாது.

அறிவிப்பை மேற்பார்வையாளரிடம் வாயால் சொன்னது போதாது. தேதி, நேரம், இடம், உடலின் எந்தப் பாகம், யார் பார்த்தார்கள் என்பதை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பி ஸ்கிரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள். வலி முதுகிலும் முழங்காலிலும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். முதல் தாளில் இல்லாத பாகத்துக்காகப் பின்னால் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கேம்ப் கிளினிக்கின் சீட்டையும் எல்ஓஏ என்னும் அங்கீகாரக் கடிதத்தின் நகலையும் கையோடு கொண்டுவாருங்கள். அந்தக் கடிதத்தில்தான் ஒப்பந்த எண் இருக்கும். எந்த இன்சூரன்ஸ் கம்பெனி என்று தேட அதைவிட நல்ல தடயம் கிடையாது. ஆனால் ராணுவ அடையாள அட்டையைப் படம் எடுக்காதீர்கள். அது தனிக் குற்றம்.

கெடு தாண்டிவிட்டது என்று தாங்களாகவே முடிவு செய்து கைவிடுகிறவர்கள் நிறைய. காயம் தெரிந்த 10 நாட்களுக்குள் முதலாளி தொழிலாளர் துறைக்கு எல்எஸ்-202 அறிக்கை அனுப்பியாக வேண்டும். அனுப்பவில்லை என்றால் தொழிலாளியின் ஓராண்டுக் கெடு ஓடவே தொடங்காது. வாதத்துக்கு உதவும் விதி இது. இதை நம்பிக் காத்திருக்கலாம் என்று அர்த்தமில்லை.

இனி பணம். வேலை செய்ய முடியாத காலத்துக்குச் சராசரி வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. முதல் 3 நாளுக்கு இல்லை; இயலாமை 14 நாளைத் தாண்டினால் அதுவும் சேரும். முதலாளிக்குத் தெரிந்த 14-ஆவது நாளில் முதல் தவணை வந்தாக வேண்டும், அல்லது மறுப்பை எல்எஸ்-207-இல் பதிய வேண்டும். இரண்டும் செய்யாமல் மேலும் 14 நாள் கடந்துவிட்டால் 10% கூடுதல்.

கை, கால், கண் போன்றவற்றுக்குச் சட்டத்திலேயே வாரக் கணக்கு உண்டு: புயம் 312, கால் 288, மணிக்கட்டிலிருந்து கை 244, பாதம் 205, கண் 160, கட்டைவிரல் 75. பாதிச் செயலிழப்பு என்றால் வாரங்களும் பாதி. முதுகு, கழுத்து, தலை இந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்குச் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள்.

கம்பெனி கழித்துக்கொள்ளப் பார்ப்பது சராசரி வாரச் சம்பளத்தில்தான். ஓவர்டைமோடு மாதம் 900 டாலர் வாங்கியவருக்கு அடிப்படைச் சம்பளம் 500 மட்டும் என்று கணக்குக் காட்டுவார்கள். புயம் போனால் கிடைப்பது, கணக்குப் போட்டால், சரியாக 4 ஆண்டுச் சம்பளம். 900-க்கு அது 43,200 டாலர், 500-க்கு 24,000. சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்குத் தாளும் இல்லாதவர் இந்த வித்தியாசத்தை இழக்கிறார். டிபிஏ-யில் குறைந்தபட்ச வாரத்தொகை என்று எதுவும் இல்லை. 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கும் அந்தப் பாதுகாப்பை இங்கே வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். குறைந்த சம்பளக்காரருக்கு இது அநியாயம்தான். ஆனால் சட்டம் அப்படித்தான் நிற்கிறது.

சிகிச்சைக்கு உங்கள் மருத்துவரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோகூட. சிக்கல் டிஸ்சார்ஜ் சம்மரியில் வரும். "கீழே விழுந்ததாகக் கூறுகிறார்" என்று ஒரே வரி எழுதிவிடுவார்கள். எந்த நாளில், எந்த நாட்டில், எந்த வேலையில் என்பதும், இந்தக் காயம் அந்த விபத்தால் வந்தது என்ற மருத்துவரின் கருத்தும், என்னென்ன வேலை செய்யக் கூடாது என்பதும் எழுத்தில் வேண்டும். அரசு மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் உள்ள 40% என்பது இங்கே நேராகச் செல்லாது. கையில் எத்தனை சதவீதம், பாதத்தில் எத்தனை சதவீதம் என்று உறுப்பு வாரியாக மதிப்பீடு கேட்டு வாங்குங்கள்.

இறந்தால் மனைவிக்கு வாரச் சம்பளத்தில் பாதி, அவர் மறுமணம் செய்யும்வரை. பிள்ளைகள் இருந்தால் மொத்தம் மூன்றில் இரண்டு பங்கு வரை. ஈமச்செலவுக்கு 3,000 டாலர் வரை. வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: மனைவி, பிள்ளை இல்லாதபோது மட்டுமே தாய் தந்தைக்கு, அதுவும் காயத்துக்கு முந்தைய ஓராண்டு அவர்களை இறந்தவர் பராமரித்திருந்தால். அம்மா பெயருக்குப் பணம் அனுப்பிய வங்கி ரசீது அங்கேதான் பேசும். அண்ணன் கணக்கில் போட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொல்லியிருந்தால் நிரூபிப்பது பெரும்பாடு.

அமெரிக்காவிலோ கனடாவிலோ வசிக்காத வெளிநாட்டவருக்கு இன்னொரு பாதகமும் இருக்கிறது. முழு நிரந்தர ஊனத்திலும், மேலே சொன்ன வாரப் பட்டியலில் வராத பகுதி நிரந்தர ஊனத்திலும், மரணத்திலும், இன்சூரன்ஸ் கம்பெனி விண்ணப்பித்தால், வருங்காலத் தவணைகளின் இன்றைய மதிப்பில் பாதியை மட்டும் மொத்தமாகக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளலாம். இதைச் சலுகைபோல எழுதி கடிதம் வரும். ஏற்கெனவே வந்திருக்க வேண்டிய தவணைகள் இந்தப் பாதியில் அடங்காது; அவை முழுதாகச் சேர வேண்டும். பாக்கி எந்தத் தேதிவரை என்பதைத் தனியாகக் கணக்கிட்டுக் கேளுங்கள்.

துபாயிலோ குவைத்திலோ "எல்லாம் பைசல்" என்று கையெழுத்து வாங்கிய தாள் டிபிஏ உரிமையை அழிக்காது. உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. தொழிலாளர் துறை அதிகாரியோ நீதிபதியோ ஒப்புதல் தந்த சமரசம் மட்டுமே செல்லும். இசிஆர் (குடியேற்ற அனுமதி தேவைப்படும்) பாஸ்போர்ட்டில் போனவர்களுக்கான இந்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான பிரவாசி பாரதிய பீமா யோஜனாவின் 10 லட்சம் ரூபாய் வேறு, இது வேறு. அதைக் காட்டி இதை மறைக்கும் ஏஜென்ட்கள் உண்டு.

வழக்கறிஞர் கட்டணமும் அதிகாரியின் ஒப்புதலோடுதான் வாங்கப்பட வேண்டும். மறுத்து வாதிட்டுத் தோற்றால் பெரும்பாலும் கம்பெனியோ இன்சூரன்ஸோதான் அதைக் கட்டுகிறது. ஒப்புதலில்லாமல் தொழிலாளியிடம் கட்டணம் வாங்குவது அந்தச் சட்டப்படியே குற்றம். படிவங்களை அமெரிக்கத் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நிரப்பியவற்றை அதன் சீபோர்ட்டல் என்னும் இணையத் தளம் வழியாக ஏற்றலாம். இதற்காக 30% கேட்பவரிடம் பாஸ்போர்ட்டையும் பவர் பத்திரத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.