ஓடும் மின்துகள்களுக்குக் கூலூம் விதி மட்டும் போதாது

அசையாத இரு மின்னூட்டங்களுக்கு இடையேயான விசையைக் கூலூம் விதியை வைத்துக் கண்டுவிடலாம். அவை ஓடத் தொடங்கினால்? விடைத்தாள்களிலும் மாணவர்கள் எழுதும் கணினி நிரல்களிலும் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான்: கூலூம் விசையை அப்படியே வைத்துக்கொண்டு, காந்த விசையை அதன் மேல் ஒட்டிவிடுகிறார்கள். வேகம் குறைவாக இருக்கும்வரை குறை தெரியாது. அதனாலேயே இந்தப் பிழை எளிதில் பிடிபடுவதில்லை.

இரண்டு எலக்ட்ரான்கள் அருகருகே, ஒரே திசையில், ஒளிவேகத்தைப்போல் 0.6 மடங்கு வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். மின்விசை விலக்கும், காந்த விசை ஈர்க்கும். காந்த விசை, மின்விசையில் 0.6-இன் வர்க்கம், அதாவது 0.36 பங்கு. ஆகவே கூலூம் விசையில் 64 சதவீதம் மிஞ்சும் என்று முடித்துவிடுவார்கள். சரியான விடை 80 சதவீதம்.

ஓடும் மின்னூட்டத்தின் மின்புலமே உருமாறிவிடுகிறது என்பதை மறப்பதால் வரும் பிழை இது. சீரான வேகத்தில் செல்லும் துகளின் புலம் முன்னும் பின்னும் மெலியும், பக்கவாட்டில் வலுக்கும். இங்கே முன்பின் திசையில் 0.64 மடங்கு, பக்கவாட்டில் 1.25 மடங்கு. பக்கவாட்டு 1.25-ஐ, காந்த விசை போக மிஞ்சும் 0.64-ஆல் (1 − 0.36) பெருக்கினால் 0.8. இந்தப் புலத்தை, சார்பியல் கோட்பாடு 1905-இல் வருவதற்கு முன்பே, 1880களின் இறுதியில் ஆங்கிலேய இயற்பியலாளர் ஆலிவர் ஹெவிசைடு கண்டறிந்திருந்தார் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

நியூட்டனின் மூன்றாம் விதியையும் இங்கே கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. முதல் துகள் இரண்டாவதை நோக்கி நேராகச் செல்கிறது. இரண்டாவது அதற்குச் செங்குத்தாகச் செல்கிறது. இரண்டாவது இருக்கும் இடத்தில் முதலாவதின் காந்தப்புலம் சுழி. முதலாவதின் மீதோ காந்த விசை உண்டு. உந்தம் எங்கே போயிற்று என்று மாணவர்கள் திகைப்பது நியாயமே. புலமும் உந்தத்தைச் சுமக்கிறது. அதையும் கூட்டினால்தான் கணக்கு நேராகும்.

துகள் முடுக்கமடைந்தால் மேலே சொன்ன புலமும் போதாது. இயற்பியலாளர்கள் லியேனார்டு 1898-இலும் வீக்கெர்ட் 1900-இலும் தந்த வாய்பாடு வேண்டும். புலத்தின் தாக்கம் ஒளிவேகத்தில்தான் பரவும் என்பதால், அதில் துகள் இப்போது இருக்கும் இடம் அல்ல, அந்தத் தாக்கம் புறப்பட்ட நேரத்தில் அது இருந்த இடமே கணக்கு. ஒரு நானோ நொடியில் ஒளி கடப்பது சுமார் 30 செ.மீ.தான். ஆகவே நிரல் எழுதுவோர் ஒவ்வொரு துகளின் கடந்த பாதையையும் நினைவகத்தில் சேமித்து வைக்க வேண்டியிருக்கும்.