கிம், லீ, பார்க்: பாதி நாடு மூன்று பெயருக்குள் அடங்கியது எப்படி?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்கிறார்: "கொரியன் சீரியல்ல ஹீரோவும் கிம், வில்லனும் கிம், ஊசி போடுற டாக்டரும் கிம். அந்த ஊர்ல வேற பேரே இல்லையா சார்?"

இருக்கிறது. ஆனாலும் கிம், லீ, பார்க் என்ற மூன்று குடும்பப் பெயர்களுக்குள் ஏறக்குறையப் பாதிக் கொரியா அடங்கிவிடுகிறது. பக்கத்திலிருக்கும் ஜப்பானிலோ ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பப் பெயர்கள்.

பெயர் பிறக்கும் கதை பெரும்பாலோருக்குத் தெரிந்ததுதான். கொல்லர் ஸ்மித் ஆனார், ஜானின் மகன் ஜான்சன் ஆனார். வடசென்னையிலேயே இதற்குச் சான்று உண்டு. சவுகார்பேட்டைக் கடைப் பலகையில் 'ஜெயின்' என்று மதமே பெயராக நிற்கும். அரண்மனைக்காரன் தெருவின் ஆர்மீனியத் தேவாலயத்தில், உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையை 1794-ல் மதராஸில் தொடங்கிய ஷ்மவோனியனின் கல்லறை இருக்கிறது. அந்தக் கடைசி 'யன்' வழித்தோன்றலைக் குறிப்பது.

பெயர் எப்படிப் பிறந்தது என்பதைவிட எப்படிச் செத்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1873-ல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் இதை ஒரு கணக்காகவே பத்திரிகையில் போட்டார். பெரிய இடத்துக் குடும்பப் பெயர்கள் மறைந்துகொண்டே போகின்றனவே, என்ன காரணம்? வாட்சன் என்ற பாதிரியார் விடை எழுதினார்.

இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் 100 ஆண்கள், 100 வெவ்வேறு பெயர்கள். ஒவ்வொருவரும் இரண்டு நாணயத்தையும் சுண்டட்டும். எத்தனை தலை விழுகிறதோ அத்தனை மகன்கள். இரண்டும் பூவானால் மகன் இல்லை, பெயர் அவரோடு முடிந்தது. சராசரியாக ஆளுக்கு ஒரு மகன் என்பதால் மக்கள் தொகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

முதல் சுற்றிலேயே ஏறக்குறைய 25 பெயர்கள் காலி. அடுத்த சுற்றில் இன்னொரு 25 போகுமா? போகாது, சுமார் 14 தான் போகும். முதல் சுற்றில் இரண்டு தலை விழுந்த வீட்டில் இப்போது அண்ணன், தம்பி என இரண்டு பேர். அந்தப் பெயர் அழிய வேண்டுமானால் இருவருக்கும் மகன் இல்லாமல் போக வேண்டும். அதற்கு வாய்ப்பு 16-ல் ஒன்றுதான். இங்கேதான் எனக்குச் சிலிர்க்கும். பிழைத்த பெயருக்குக் காப்பு கூடிக்கொண்டே போகிறது, ஒற்றை ஆளில் தொங்கும் பெயர் முதலில் அறுகிறது. பத்துத் தலைமுறையில் சுமார் 74 பெயர்கள் போய்விடும். ஊரில் அதே 100 பேர், அவர்களுக்கு 26 பெயர்தான். யாரும் சதி செய்யவில்லை, வெறும் பூவா தலையா!

ஆளுக்கு மகன்களின் சராசரி ஒன்றாகவோ அதற்குக் கீழேயோ இருந்தால் எந்தப் பெயரும் கடைசியில் தப்பாது. ஒன்றைத் தாண்டினால் தப்பிக்க வழி உண்டு. வாட்சனின் சமன்பாட்டிலேயே அந்த விடையும் இருந்தது. அவர் முதல் விடையோடு பேனாவை மூடிவிட்டு, எல்லாப் பெயரும் அழியும் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். பிரான்சில் பியெனமே என்ற கணித அறிஞர் 1845-லேயே சரியாகச் சொல்லியிருந்தார், கவனிக்கத்தான் ஆளில்லை.

ஜப்பானில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் கட்டாயமானது 1875-ல். நாணயம் சுண்டி ஆறேழு சுற்றுகூட ஆகியிருக்காது. கொரியாவின் ஆட்டம் மிகப் பழையது. அதோடு, அங்கே பெயரே இல்லாதிருந்த எளிய மக்கள் பிற்காலத்தில் பெயர் வைத்துக்கொண்டபோது மதிப்பான பெயர்களையே எடுத்துக்கொண்டார்கள். ஆகவே கிம்மின் பெருக்கத்துக்குத் தற்செயல் மட்டும் காரணமல்ல.

2020-ல் ராயபுரம் மண்டலத்தில் கொரோனா எண்ணிக்கை ஏறியபோது தினமும் கேட்டோமே, ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புகிறார் என்று? அதுவும் இதே கணக்குதான். மகனுக்குப் பதில் தொற்று. அணுப் பிளவின் தொடர்வினைக்கும் இதுதான் பொருந்தும். கால்டன் பின்னாளில் யூஜெனிக்ஸ் என்ற, 'உயர்ந்தவர்கள்' மட்டும் பிள்ளை பெற்று மனித இனத்தை மேம்படுத்த வேண்டும் என்ற நச்சுக் கருத்துக்குப் பெயர் சூட்டியவர். அவர்மேல் எனக்கு மரியாதை கிடையாது. ஆனால் அந்தக் கேள்வியால் ஆன பயனைப் பாருங்கள். "இதனால் நாட்டுக்கு என்ன லாபம்?" என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் நம் ஆராய்ச்சி நிதி விண்ணப்பங்களில் அது தேறியிருக்குமா?

இன்னொன்று. "பையன் இல்லேன்னா பேரு சொல்ல ஆள் இல்லாம போயிடும்" என்று கோயில் கோயிலாக வேண்டிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. எந்தப் பேரு? நமக்கு அப்பா பெயர்தான் இனிஷியல். மகனுக்கு மகன் பிறந்தால் அந்தக் குழந்தைக்கு இனிஷியல் மாறிவிடும், தாத்தாவின் எழுத்து அங்கேயே நின்றுவிடும். தாத்தா பெயரை அப்படியே வைப்பதுதான் ஒரே வழி என்றால், அதற்கு மகள் வயிற்றுப் பேரனே போதுமே.