சாலையில் நிற்கும் சோலைமந்தி

பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறையை நெருங்கும்போது, புதுத்தோட்டம் பக்கம் கார்கள் திடீரென ஓரம் கட்டும். “சிங்கவால் குரங்கு!” என்று குழந்தைகள் கூவ, பெரியவர்கள் கைபேசியோடு இறங்குவார்கள். யாராவது ஒருவர் பிஸ்கெட் பொட்டலத்தைப் பிரிப்பார்.

சோலைமந்தி என்றும் அழைக்கப்படும் இந்தக் குரங்குகளைப் பின்தொடர்ந்து குறிப்பெடுப்பது என் வேலை. அந்த மகிழ்ச்சி எனக்குப் புரிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத விலங்கு இது. காட்டில் எஞ்சியிருப்பவை 4000-ஐத் தாண்டாது என்பது கணிப்பு. ஆனால் அது தார்ச்சாலையில் கையேந்தி நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

சோலைமந்தி என்ற பெயரிலேயே அதன் வீடு இருக்கிறது. ஆனைமலையின் அடர்ந்த சோலைக்குள் அது எளிதில் கண்ணில் படாது. வெடிப்பலா மரத்தடியில் முள்தோல் துண்டுகள் ஈரமாக விழுந்து கிடக்கும். அண்ணாந்து பார்த்தால், இலைகளுக்கிடையே குஞ்சம் வைத்த வால் நுனி மட்டும் தொங்கும். சில நாட்களில் காலை முழுக்கக் காத்திருந்தாலும் அவ்வளவுதான் கிடைக்கும்.

களக்காட்டில் 1976-இல் இந்த விலங்குக்காகவே ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. வால்பாறையின் நிலைமை வேறு. சுற்றிலும் புலிகள் காப்பகம், நடுவில் தேயிலை. அதற்குள் தீவுகள்போல மிஞ்சிய சோலைத் துண்டுகளில் புதுத்தோட்டமும் ஒன்று, 100 ஹெக்டேர்கூட இல்லை. அதையும் ஊடறுத்துச் சாலை போகிறது. கிளையும் கிளையும் கைகோக்காத இடத்தில் மந்தி இறங்கித்தான் கடக்க வேண்டும்.

ஒரு மழைக்கால மாலையில் அப்படிக் கடந்த பெண் மந்தி வண்டியில் அடிபட்டது. உடலை நாங்கள் ஓரமாகக் கிடத்திய பிறகும், இருட்டும் வரை மேலிருந்து கூட்டம் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தது. பெண் மந்தி முதல் குட்டி ஈனவே ஆறு வயதாகிவிடும். ஒரு முறைக்கு ஒரே குட்டி. அடுத்ததற்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். போன உயிரை ஈடுகட்ட அந்தக் கூட்டத்துக்கு எத்தனை காலம் பிடிக்கும்!

சாலைக்கு மேலே பழைய தீயணைப்புக் குழாய்களால் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். மந்தி முதலில் ஒரு கையால் அழுத்திப் பார்க்கும், பின்வாங்கும், மறுபடி வரும். ஒன்று துணிந்து போய்விட்டால் அதன் பின்னால் மற்றவையும், வயிற்றில் குட்டியை ஒட்டிக்கொண்ட தாய்களும் வரும். ஆனால் கீழே பிஸ்கெட் கிடைக்கும் என்று தெரிந்த மந்திக்குப் பாலம் எதற்கு? நாம் அன்பாக நீட்டும் கைதான் அதைத் தரையிறக்குகிறது.

அடுத்த முறை வரும்போது இந்தப் பகுதியில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். நிறுத்தித் தீனி போடாதீர்கள். மிச்ச உணவைச் சாலையோரம் எறியாதீர்கள். மந்தி பக்கத்தில் வந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுங்கள். சற்றுத் தள்ளிப் பாலத்தில் கரிய உருவங்கள் வரிசையாகக் கடந்துகொண்டிருக்கலாம். அதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.