இந்தியன் ஹெட்ஜ்ஹாக்: எலும்பை நீள வைக்கும் முள்ளெலிப் புரதம்

வளரும் பிள்ளைகளின் கை, கால் எலும்புகளில் நுனியை ஒட்டி ஒரு மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு உண்டு. வளர்ச்சித் தட்டு என்பார்கள். எலும்பு நீள்வது அங்கேதான். அதை நெறிப்படுத்தும் சமிக்ஞைப் புரதங்களில் முக்கியமானது 'இந்தியன் ஹெட்ஜ்ஹாக்', சுருக்கமாக ஐஎச்எச்.

பெயர் பழ ஈயிலிருந்து வந்தது. கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் 1980இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மரபணு பழுதான ஈப்புழுக்களின் வயிற்றுப்புறம் முழுக்க முள் போன்ற நுண்பற்கள் மண்டியிருந்தன. இடையில் இருக்கவேண்டிய வழுவழுப்பான பட்டைகளைக் காணோம். அதனால் அந்த மரபணு ஹெட்ஜ்ஹாக், அதாவது முள்ளெலி, ஆனது. இருவருக்கும் 1995இல் நோபல் பரிசும் கிடைத்தது. பின்னர் பாலூட்டிகளில் இதே குடும்பத்து மரபணுக்கள் மூன்று தெரியவந்தபோது, இரண்டுக்கு உண்மையான முள்ளெலி இனங்களின் பெயர்களையும், மூன்றாவதற்கு 'சோனிக்' என்ற வீடியோ கேம் பாத்திரத்தின் பெயரையும் வைத்தார்கள். ஆக, 'இந்தியன்' என்பது கண்டுபிடித்த நாட்டைச் சொல்லவில்லை. வடமேற்கு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் வாழும் இந்திய முள்ளெலியைச் சொல்கிறது.

சரி, இந்தப் புரதம் என்ன செய்கிறது? வளர்ச்சித் தட்டில் குருத்தெலும்புச் செல்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுப் பெருகுகின்றன. ஒரு கட்டத்தில் பெருகுவதை நிறுத்திவிட்டுப் பருக்கத் தொடங்கும். அப்புறம் அந்த இடத்தை எலும்பு பிடித்துக்கொள்ளும். பருக்கப்போகும் செல்கள்தான் ஐஎச்எச்சைச் சுரக்கின்றன. அது எலும்பின் நுனிப்பக்கம் போய், பாராதைராய்டு ஹார்மோன் சார்ந்த இன்னொரு புரதத்தைச் சுரக்க வைக்கிறது. அந்தப் புரதம் பெருகிக்கொண்டிருக்கும் செல்களைச் சீக்கிரம் பருக்கவிடாமல் தடுக்கிறது. எத்தனை செல்கள் முதிரலாம், எத்தனை இன்னும் பெருகவேண்டும் என்பதை முதிரும் செல்களே இப்படிக் கட்டுப்படுத்துவது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. இதுபோக, ஐஎச்எச் நேரடியாகவும் பெருக்கத்தைத் தூண்டுகிறது. குருத்தெலும்பைச் சுற்றியுள்ள உறையில் எலும்பாக்கும் செல்கள் உருவாகவும் அது வேண்டும். இந்த மரபணுவை நீக்கிய எலிகளுக்குக் கால்கள் மிகக் குட்டையாக இருந்தன.

மனிதர்களில் இதன் குறிப்பிட்ட சில பிறழ்வுகள் விரல்களின் நடு எலும்பைக் குறுக்கிவிடும், சிலருக்கு இல்லாமலே செய்துவிடும். 1903இல் வில்லியம் ஃபாரபீ என்ற ஆய்வாளர் ஒரு குடும்பத்தில் பதிவுசெய்த குறுவிரல் நிலை இவ்வகைதான். மெண்டலின் மரபியல் விதிப்படி மனிதரில் விளக்கப்பட்ட முதல் பண்புகளில் ஒன்று அது. காரணமான மரபணு ஐஎச்எச் என்று 2001இல்தான் தெரிந்தது.

தமிழில் 'இந்திய முள்ளெலிப் புரதம்' என்பதே பொருத்தம். முள்ளம்பன்றி என்று எழுதினால் பிழை. அது கொறிக்கும் விலங்கு, முள்ளெலியோ பூச்சி தின்னும் வேறு இனம். 'குருத்தெலும்பு வளர்ச்சிப் புரதம்' என்று பொருளை வைத்துப் பெயர் சூட்டவும் கூடாது. அந்த வேலையில் பங்குள்ள புரதங்கள் பல. எதைச் சொல்கிறோம் என்றே புரியாமல் போகும்.

மருத்துவர்களுக்கும் இந்தப் பெயர் முக்கியம். ஒருவகைத் தோல் புற்றுநோய்க்குத் தரப்படும் சில மருந்துகள், ஐஎச்எச் போன்ற முள்ளெலிப் புரதங்கள் செயல்படும் சமிக்ஞைப் பாதையை அடைக்கின்றன. வளரும் பிள்ளைகளுக்கு அவற்றைக் கொடுத்தால் வளர்ச்சித் தட்டு முன்கூட்டியே மூடிவிடக்கூடும். மருந்தை நிறுத்திய பிறகும் அது திறக்காது.