கடலுக்கு முதுகு காட்டி உக்காந்தா வீடியோ ஏன் திணறுது?

ராமேஸ்வரம் பக்கத்துல இருக்குற மண்டபம் ஊர்ல பவளப்பாறை ஆராய்ச்சி பண்ற தம்பி ஒருத்தர் கேட்டாப்ல, "அண்ணே, 20 நிமிஷம் பேசுறதுக்கு மதுரை போயி டெல்லிக்கு பிளைட் ஏறணுமா, வீடியோல பேசுனா நெசமாவே புகை மிச்சமா, அதுக்கும் கரண்ட் ஆகுதுல்ல?"

விமானக் கணக்கு சுருக்கமா: 1 கிலோ எரிபொருள் எரிஞ்சா சுமார் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு, கூடுற எடை காத்துல இருந்து சேர்ற ஆக்சிஜன், பள்ளிக்கூட கெமிஸ்ட்ரிதான். லேப்டாப் ஒரு மணி நேரம் ஓடுனா சுமார் 0.05 யூனிட், சர்வர் செலவ சேத்தாலும் பிளைட்டுக்குக் கிட்ட வராது. கடல் சூடாகி 2016ல மன்னார் வளைகுடாவுல பவளம் வெளுத்துச்சு, அதப் பத்திப் பேசத்தான் நாம பிளைட் ஏறுறோம்!

எனக்கு ஆசையா இருக்குறது வீடியோ பக்கம். ஒரு படத்துக்கு 1280க்கு 720 புள்ளி, புள்ளிக்கு 3 பைட், செகண்டுக்கு 30 படம்னா கிட்டத்தட்ட 83 மெகாபைட், ஒவ்வொரு செகண்டும்! நம்ம கரை சிக்னல் அதத் தாங்குமா? அதனால நம்ம போன் ஒரு களவாணித்தனம் பண்ணுது. முதல் படத்த மட்டும் முழுசா அனுப்பும். அடுத்தத 16க்கு 16 புள்ளிக் கட்டமா வெட்டி, ஒவ்வொரு கட்டமும் முந்தின படத்துல எங்க இருந்துச்சுன்னு தேடி, 'இது வலது பக்கம் 3 புள்ளி நகந்துருச்சு'ன்னு சேதி மட்டும் போகும், ஒத்து வராத மிச்சம்மீதி மட்டும் தனியா போகும். அந்தப் பக்கத்து போன் பழைய படத்த வெட்டி ஒட்டி புதுசு செஞ்சுக்கும். நீங்க பாக்குற தலையாட்டல்ல பெரும்பங்கு ஏற்கனவே வந்து சேந்த தலைதான்.

போன மாசம் கடல் அழகாத் தெரியட்டுமேன்னு பனைமரத்தடியில உக்காந்து பேசுனேன், மூஞ்சி கட்டங்கட்டமா ஒடைஞ்சு போச்சு, இத்தனைக்கும் சிக்னல் முழுசா இருந்துச்சு. மின்னுற அலைக்கு முந்தின படத்துல ஜோடியே கெடையாது, ஆடுற ஓலையும் அப்படித்தான், எல்லாமே புதுசாப் போகணும், கிடைச்ச அளவுக்குள்ள அடக்க தரத்தக் கொறைச்சுரும். எந்திரிச்சுப் போயி சுண்ணாம்பு அடிச்ச சுவத்து முன்னாடி உக்காந்தேன், பளிச்சுன்னு ஆயிருச்சு.

ஒரு ஆபீஸ்ல போர்டிங் பாஸ் காட்டுனா காசு வருது, வீடியோல பேச 2,000 ரூவா மைக் கேட்டா பைல் நகரல. நேர்ல போனாத்தான் மரியாதைங்குறது பூனை குறுக்க போன கதை மாதிரி ஒரு மூடநம்பிக்கை, அம்புட்டுதான். முங்கிப் பவளம் எண்ணணும்னா ஆளு வந்தே ஆகணும், அதுக்கு ராமேஸ்வரம் ரயில் இருக்கு.

தம்பி இப்ப ரூம் சுவத்துல கடல் போஸ்டர் ஒட்டிருக்காப்ல. அசையாத கடல ஒரு தடவ அனுப்புனாப் போதும்.