கால் கிராம் காற்று: ஸ்பீக்கர் பெட்டியின் ஓட்டை என்ன செய்கிறது?

"ஸ்பீக்கர் பெட்டியின் பின்னால் இருக்கும் ஓட்டை, உள்ளே சூடாகும் காற்று வெளியேறத்தானே? பிறகு அதில் துணியைத் திணித்தால் பாஸ் (அடிச்சுருதி ஒலி) ஏன் செத்துப்போகிறது?" ஒரு வாசகர் கேட்ட கேள்வி. வீட்டிலேயே சின்ன ஸ்பீக்கர் கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் பதில் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வியும் இதுதான். பலகையை எவரும் அறுத்துவிடலாம். அந்த ஓட்டையைச் சரியாக அமைப்பதில்தான் வேலையே இருக்கிறது.

ஸ்பீக்கரின் அதிரும் கூம்பான கோன் முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, பின்பக்கம் தளர்கிறது. பெட்டி இல்லாவிட்டால் இரண்டும் ஓரத்தைச் சுற்றிவந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதற்காகத்தான் பின்பக்கத்தைப் பெட்டிக்குள் அடைக்கிறோம். இது பள்ளிப் பாடம். அதோடு இன்னொன்றும் உண்டு: அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்குக் கோன் நான்கு மடங்கு தூரம் போய்வர வேண்டும். 100 ஹெர்ட்ஸில் 1 மி.மீ. அசையும் கோன் 50 ஹெர்ட்ஸில் 4 மி.மீ. அசைந்தாக வேண்டும். ஐந்து இஞ்ச் வூஃபர் (பாஸுக்கான ஸ்பீக்கர்) பலவற்றுக்கு எல்லையே அதுதான். அதற்கு மேல் என்ன செய்வது?

பின்பக்க ஒலியை வீணாக்காமல் தலைகீழாகத் திருப்பி முன்பக்க ஒலியோடு சேர்த்துவிடலாம். திருப்புவதற்கு ஒரு பி.வி.சி. குழாய் போதும்.

குடத்தின் வாயில் ஊதினால் "பூம்" என்று ஒரே ஒரு சுருதி எழும். குடத்தில் தண்ணீர் ஏற ஏற அந்தச் சுருதியும் ஏறும். கட வித்வான் குடத்தின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் அடிநாதத்தை மாற்றுவதும் இதே சங்கதி. குடத்துக்குள் அடைபட்ட காற்று ஸ்பிரிங், கழுத்தில் இருக்கும் காற்று அந்த ஸ்பிரிங்கில் தொங்கும் எடை. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை ஆராய்ந்ததால் இது அவர் பெயரால் வழங்குகிறது. ஓட்டையுள்ள ஸ்பீக்கர் பெட்டியும் ஒரு சதுரக் குடம்தான்.

இனி, எனக்குச் சலிக்காத பகுதி. சாவிக்கொத்து ஒன்றை ரப்பர் பேண்டில் தொங்கவிட்டு மேல்நுனியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கையை மிக மெதுவாக மேலும் கீழும் ஆட்டினால் கொத்தும் கூடவே வரும். வேகமாக ஆட்டினால் கை மேலே போகும்போது கொத்து கீழே இறங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கிறது. அங்கே கை துளி அசைந்தால் போதும், கொத்து குதியாட்டம் போடும். அதுதான் ஒத்ததிர்வு. கையை ரப்பர் வெடுக்கு வெடுக்கென்று இழுப்பதும் தெரியும்.

கையின் இடத்தில் கோன், ரப்பரின் இடத்தில் பெட்டிக் காற்று, சாவிக்கொத்தின் இடத்தில் குழாய்க்குள் இருக்கும் காற்று. மெதுவான அதிர்வில் கோன் உள்ளே போனால் குழாய்க் காற்று அதே அளவு வெளியே வருகிறது. முன்னால் தளர்வு, குழாயில் அழுத்தம், இரண்டும் கூடினால் பூஜ்யம். வேகம் கூடி ஒத்ததிர்வைத் தாண்டினால் கணக்கு தலைகீழ். கோன் வெளியே வரும்போது குழாய்க் காற்றும் வெளியே வருகிறது, இரண்டும் ஒரே பக்கம் தள்ளுகின்றன. எதிரணியில் இருந்த பின்பக்க ஒலி நம் அணிக்கு வந்துவிட்டது. சரியாக ஒத்ததிர்வு எண்ணிலோ பெட்டிக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். அது கோனை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் கோன் ஏறக்குறைய நின்றுவிடும். அந்த நேரத்தில் நாம் கேட்கும் பாஸ் முழுக்கக் குழாயிலிருந்து வருவது.

கீழே சொல்லப்போகும் பெட்டியில் அப்படி ஆடும் காற்றின் நிறை 0.28 கிராம். கால் கிராமுக்குச் சற்று மேல். துணி திணித்தால் பாஸ் போகும் காரணம் இதுதான்: ஆட வேண்டிய எடையைக் கட்டிப்போட்டுவிட்டீர்கள்.

இந்த உத்திக்குக் காப்புரிமை பெற்றவர் பெல் தொலைபேசி ஆய்வகத்தின் ஆல்பர்ட் தூராஸ், 1932-இல். ஆனால் எவ்வளவு பெரிய பெட்டி, எத்தனை நீளக் குழாய் என்பதெல்லாம் வெகுகாலம் கைப்பக்குவமாகவே இருந்தது. ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-இல் அதைக் கணக்காக்கினார். உள்நாட்டு இதழில் வந்த அந்தக் கட்டுரையை 1971-இல் அமெரிக்காவின் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டி மறுபடி அச்சிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. சிட்னி பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஸ்மால் மிச்சத்தை முடித்தார். இன்று எந்த நல்ல வூஃபரின் தகவல் தாளிலும் இருப்பவை தீல்-ஸ்மால் எண்கள்தான். "இந்த ஆராய்ச்சியால் நாளைக்கே என்ன லாபம்?" என்று கேட்டு நிதியை வெட்டுகிறவர்கள் இந்தப் பத்தாண்டு இடைவெளியை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

அந்தத் தாளில் மூன்று எண்களைப் பாருங்கள். எஃப்.எஸ். என்பது கோனின் சொந்த அதிர்வெண். வி.ஏ.எஸ். என்பது கோனின் தொங்கலுக்குச் சமமான ஸ்பிரிங்காக எத்தனை லிட்டர் காற்று இருக்கும் என்பது. க்யூ.டி.எஸ். என்பது அந்த ஆட்டத்தை மோட்டார் (காந்தமும் காயிலும்) எவ்வளவு அடக்கி வைக்கிறது என்பது; எண் சிறிதானால் பிடி இறுக்கம். க்யூ.டி.எஸ். 0.3 முதல் 0.4 வரை என்றால் ஓட்டைப் பெட்டி. 0.5-ஐத் தாண்டினால் மூடிய பெட்டி. அதற்கு ஓட்டை போட்டால் பாஸ் ஒரே இடத்தில் "தொம் தொம்" என்று வீங்கும். இந்த எண்களே இல்லாமல் "5000 வாட் பி.எம்.பி.ஓ." என்று மட்டும் அச்சடித்த ஸ்பீக்கரைச் சென்னை ரிச்சி தெருவில் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். கண நேர உச்சச் சக்தி என்று சொல்லிக்கொள்ளும் பி.எம்.பி.ஓ. அளவே அல்ல, ஜோசியம்.

எஃப்.எஸ். 50 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். 0.38, வி.ஏ.எஸ். 11.3 லிட்டர் உள்ள ஐந்து இஞ்ச் வூஃபர் என்று வைத்துக்கொள்வோம். தீலின் அட்டவணையில் இதற்கு அழகான விடை உண்டு: வி.ஏ.எஸ்.-ஐ 1.414-ஆல் வகுத்தால் பெட்டி 8 லிட்டர், குழாயின் சுருதி அதே 50 ஹெர்ட்ஸ். பாஸ் 50 வரை சமமாக வந்து, அங்கே 3 டெசிபல் குறைந்து, அதற்குக் கீழே செங்குத்தாக விழும். பாஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். அதன் அடிச்சுருதி மட்டும் குறையும். சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த மின்சக்தியில் பெரிய சத்தம் மூன்றும் ஒருசேரக் கிடைக்காது, இரண்டைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்பது இத்துறையின் இரும்பு விதி. இங்கே நாம் விட்டுக்கொடுத்தது சத்தத்தை.

பலகை 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்தது). கடலோர ஊர் என்றால் ஈரம் தாங்கும் எச்.டி.எச்.எம்.ஆர். வாங்குங்கள், எம்.டி.எஃப். ஊதிவிடும். ஒரு பெட்டிக்கு முன்னும் பின்னும் 19.6 × 31.6 செ.மீ. இரண்டு, பக்கங்கள் 20 × 31.6 இரண்டு, மேலும் கீழும் 16 × 20 இரண்டு. உள்ளளவு 16 × 28 × 20, அதாவது 8.96 லிட்டர். வூஃபர் அரை லிட்டரை அடைக்கும், குழாய் 0.3, இரு பக்கங்களையும் இணைக்கும் 5 செ.மீ. குறுக்குச் சட்டம் 0.14. மிச்சம் 8. ஜோடிக்கு அரை ஷீட் தாராளம். மரக்கடையில் பேனல் ரம்பத்தில் அறுத்து வாங்கிவிடுங்கள். கையால் அறுத்தால் விளிம்பு கோணும், கோணினால் காற்று கசியும். ஃபெவிகால் தடவி, கிளாம்ப் போட்டு, ஒரு நாள் காயவிடுங்கள். எம்.டி.எஃப்.-இன் விளிம்பில் துளை போடாமல் ஸ்குரூ ஏற்றினால் பலகை இரண்டாகப் பிளக்கும். அதன் தூசு நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் இல்லாமல் தேய்க்காதீர்கள். வூஃபர் மையத்துக்கும் ட்வீட்டர் (உச்சச்சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர்) மையத்துக்கும் இடையே 12 செ.மீ. அளவில் இருக்கட்டும்.

குழாய்க்கு வருவோம். உள்விட்டத்தைச் செ.மீ.-இல் வர்க்கப்படுத்தி 23,560-ஆல் பெருக்குங்கள். வேண்டிய அதிர்வெண்ணின் வர்க்கத்தையும் பெட்டியின் லிட்டரையும் பெருக்கி வரும் எண்ணால் அதை வகுங்கள். வந்ததிலிருந்து உள்விட்டத்தின் 0.73 மடங்கைக் கழியுங்கள். 4 செ.மீ. உள்விட்டத்துக்கு விடை 15.9 செ.மீ. கழிப்பது ஏன் என்றால், குழாயின் இரு வாய்களுக்கும் வெளியே கொஞ்சம் காற்று ஒட்டிக்கொண்டு கூடவே ஆடுகிறது, அதுவும் எடைதான்.

3 செ.மீ. குழாய் போட்டால் நீளம் 8.4 செ.மீ. போதுமே என்று தோன்றும். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். குழாய் குறுகினால் காற்றின் வேகம் ஏறும்; நொடிக்கு 17 மீட்டரைத் தாண்டினால் "புஸ் புஸ்" என்ற இரைச்சல் பாட்டோடு சேர்ந்து கேட்கும். 5 செ.மீ. போட்டால் இரைச்சல் இருக்காது, ஆனால் நீளம் 25.8 செ.மீ. ஆகி 20 செ.மீ. ஆழமுள்ள பெட்டிக்குள் நேராக நிற்காது. எனவே 4. இதில் வேகம் 17-ஐத் தொடும்போது காற்று இரு பக்கமும் 5.4 செ.மீ. போய்வருகிறது, சத்தம் ஒரு மீட்டரில் 90 டெசிபலைத் தாண்டியிருக்கும், வீட்டுக்கு அது போதும். கடையில் குழாயின் மேல் அச்சடித்திருக்கும் எண் பெரும்பாலும் வெளிவிட்டம், வெர்னியரால் உள்ளே அளந்து வாங்குங்கள். வாய்களை உப்புத்தாளால் உருட்டிவிட்டால் இரைச்சல் இன்னும் தள்ளிப்போகும்.

குழாயைப் பின்பலகையில் வையுங்கள். அந்தக் குழாய்க்கு ஒரு புல்லாங்குழல் குணமும் உண்டு. 900 ஹெர்ட்ஸை ஒட்டித் தானாகப் பாடும். பின்னால் இருந்தால் அது காதுக்கு நேராக வராது. உள்வாய்க்கு எதிரே குறைந்தது 4 செ.மீ. காலி இடம் வேண்டும். நேராக விட்டால் ட்வீட்டரின் காந்தம் எதிரே நிற்கும், ஆகவே ஒரு எல்போ (வளைவு இணைப்பு) போட்டுக் கீழ்நோக்கித் திருப்பிவிடலாம். வளைவின் நடுக்கோட்டில் அளந்ததுதான் நீளம். பெட்டியின் உட்சுவர்களில் 2.5 செ.மீ. பாலியஸ்டர் பஞ்சு ஒட்டுங்கள். பெட்டி நிறையத் திணித்தால் குழாய் ஊமையாகிவிடும்.

முதலில் 18 செ.மீ.-க்கு வெட்டுங்கள். வெட்டிய குழாயைக் குறைக்கலாம், நீட்ட முடியாது. ஆம்ப்ளிஃபயருக்கும் வூஃபருக்கும் நடுவே 100 ஓம் ரெசிஸ்டர் தொடராக வைத்து, போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் செயலியால் 20-இலிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றியபடி, வூஃபரின் முனைகளில் ஏ.சி. வோல்ட்டேஜை மல்டிமீட்டரில் பாருங்கள். மலிவான மஞ்சள் மீட்டர்களில் ஏ.சி. 200 வோல்ட்டில்தான் தொடங்கும், அது உதவாது. 2 வோல்ட் அளவீடு உள்ளது வேண்டும். 28 ஹெர்ட்ஸ் அருகே ஒரு சிகரம், 88 அருகே இன்னொன்று, நடுவே ஒரு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளம்தான் குழாயின் சுருதி. 18 செ.மீ.-இல் அது 47-ஐ ஒட்டி நிற்கும். ஒவ்வொரு செ.மீ. வெட்டுக்கும் ஏறக்குறைய 1.2 ஹெர்ட்ஸ் ஏறும். 50 வந்ததும் நிறுத்திவிட்டு ஒட்டுங்கள். சிகரங்கள் குட்டையாகவும் பள்ளம் மழுங்கலாகவும் இருந்தால் எங்கோ கசிகிறது. குழாயைக் கையால் அடைத்துக் கோனை மெல்ல அழுத்தி விடுங்கள், மெதுவாகத் திரும்பினால் பெட்டி இறுக்கம். வெடுக்கென்று திரும்பினால் பெரும்பாலும் வூஃபரின் கேஸ்கெட்தான் (ஓரத்து அடைப்பு வளையம்) குற்றவாளி, அடுத்த சந்தேகம் கனெக்டர் துளை.

பாஸை வூஃபருக்கும் மேல் சுருதிகளை ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் க்ராஸோவர் தனிக் கட்டுரைக்கு உரியது. தொடக்கத்துக்கு: 8 ஓம், 2500 ஹெர்ட்ஸ், இரண்டாம் படி (ஆக்டேவுக்கு 12 டெசிபல் வெட்டு) என்றால் வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனியே 1 மில்லிஹென்றி காயிலும் 4 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும், ட்வீட்டரின் வயர்கள் இடம் மாற்றி. கெப்பாசிட்டர் ஃபிலிம் வகையாக இருக்கட்டும். காயில்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வையுங்கள், இல்லையேல் காந்தப்புலம் கலக்கும். 19.6 செ.மீ. அகலப் பெட்டியில் சுமார் 590 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி பின்பக்கமும் பரவி முன்னால் மெலியும். அதனால் வூஃபரின் காயிலை 1.5 மில்லிஹென்றிக்கு ஏற்றி, ட்வீட்டருக்குத் தொடராக 4 ஓமும் குறுக்கே 8 ஓமும் வைத்து 6 டெசிபல் தணித்தால் குரல் உடம்போடு கேட்கும். வயருக்கு மீட்டர் ஆயிரம் ரூபாய் கேட்பவர்களிடமிருந்து உங்களைக் காக்க உதவும் ஒரே வாக்கியம்: சாதாரண 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் போதும்.

கட்டி முடித்ததும் 50 ஹெர்ட்ஸ் டோனை மிதமான சத்தத்தில் வையுங்கள். விரலால் கோனின் ஓரத்தைத் தொட்டால் அசைவு அநேகமாகத் தெரியாது. குழாய் வாயில் ஒரு ஊதுபத்தியைக் காட்டினால் புகை சிதறி ஓடும். அப்படியே 30-க்கு இறக்குங்கள்: சத்தம் காணாமல் போக, கோன் மட்டும் முன்னும் பின்னும் பயங்கரமாக ஆடும். அங்கே காற்று ரப்பர் பிடி விட்டுவிட்டது, சாவிக்கொத்து கையோடு போகிறது. இந்த நிலையில் சத்தத்தைக் கூட்டினால் வாய்ஸ் காயில் (கோனை ஆட்டும் கம்பிச்சுருள்) பின்தட்டில் மோதிச் சாகும். கணினியிலோ ஆம்ப்ளிஃபயரிலோ 40 ஹெர்ட்ஸில் ஆக்டேவுக்கு 24 டெசிபல் வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை (அதற்குக் கீழான ஒலியைத் தடுக்கும் வடிகட்டி) போட்ட பிறகு பாட்டை ஏற்றுங்கள்.