மூதாதையரின் ஆவணக் கோப்புகளைக் கணினி எப்படி அறிகிறது?

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்தடைந்தது முதல் 1911 வரை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களைப் பற்றிய கப்பல் பட்டியல்களிலும் மனுக்களிலும் நம் குடும்பங்களின் வேர்கள் இருக்கின்றன. ஆனால் எந்தப் பெட்டியில் எது இருக்கிறது, அதை உருவாக்கிய அலுவலகம் எது என்று சொல்லும் விவரப் பட்டியல் இல்லாமல் அவற்றை அணுக முடியாது.

தட்டச்சுத் தாளில் உள்ள பட்டியலைப் படிப்பவர், வரி உள்தள்ளி இருப்பதைக் கண்டே எது எதற்குள் அடங்கும் என்று புரிந்துகொள்வார். கணினிக்கு அது புரியாது. இதற்காக 1993-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முயற்சியே, 1998-இல் ஈஏடி (EAD, Encoded Archival Description) என்ற, ஆவண விவரப் பட்டியல்களுக்கான பொது வடிவமாக வெளிவந்தது. 2015-இல் அதன் மூன்றாம் பதிப்பு வந்தது. இது பயன்படுத்தும் எக்ஸ்எம்எல் (XML) என்ற குறியிடும் முறையில், ஒவ்வொரு தகவலும் தலைப்பா, தேதியா, உருவாக்கியவரா என்று சொல்லும் இரு குறிகளுக்கு இடையே வைக்கப்படுகிறது. '1890களின் தொடக்கம்' என்ற சொற்கள் படிப்பவருக்காக அப்படியே நிற்க, 1890 முதல் 1893 வரை என்ற எண்வடிவம் கணினிக்காக உடன் எழுதப்படுகிறது.

இந்த வடிவத்தின் உயிர்நாடி அதன் அடுக்கமைப்பு. 'புகார்கள், 1884' என்ற கோப்பு தனியே நின்றால் யாருடைய புகார் என்று தெரியாது. இந்தியக் குடியேறிகள் பாதுகாவலர் அலுவலகத்தின் கடிதத் தொடருக்குள் வைத்தால்தான் அதற்குப் பொருள் வரும். மேல் அடுக்கில் சொன்னது கீழுள்ள அனைத்துக்கும் பொருந்துவதால், அதைத் திரும்ப எழுத வேண்டியதில்லை.

பழைய தாள் பட்டியலை இந்த வடிவத்துக்கு மாற்றும் பணியில் தட்டச்சு சிறு பகுதிதான். பழைய பட்டியலில் 'மேற்படி' என்றோ இரு கோடுகளாகவோ குறித்திருப்பது மேல் வரியை நம்பி நிற்பது. அந்த வரியைக் குறிகளுக்குள் அடங்கும் தனி உறுப்பாகப் பிரித்ததும் அது வெறும் கோடாகிவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் முழுச் சொல்லாக விரித்தாக வேண்டும். பெயர்கள் இன்னும் கடினம். முனுசாமியை எழுத்தர்கள் மூன்சாமி, முன்சாமி என்றெல்லாம் ஆங்கிலத்தில் எழுதினர். அந்த எழுத்தைத் திருத்தக் கூடாது. அதை அப்படியே வைத்து, நிலையான வடிவத்தையும் உடன் குறிக்க வேண்டும். ஒரே பெயருடைய பலரைப் பிரித்தறிய, குடியேறியவர் ஒவ்வொருவருக்கும் அன்று தரப்பட்ட குடியேற்ற எண்ணே நம்பகமானது. அதை விட்டுவிட்டுச் செய்யும் மாற்றம் நேட்டால் ஆவணங்களுக்குப் போதாது என்பது என் உறுதியான கருத்து.

மூடாத குறியையும் இடம் மாறிய உறுப்பையும் சரிபார்ப்பு நிரல் உடனே காட்டிவிடும். வேலூர் என்பதற்குப் பதிலாக வேறு ஊர் பதிவாகியிருந்தால் அது காட்டாது. அதற்கு மூலத்தாளை அருகில் வைத்து ஒருவர் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.